போனில் பார்த்த பாடம் மூச்சைக் காக்குமா?

போன மாதம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து ஓர் இளைஞர் விடாத இருமலோடு என்னிடம் வந்தார். ஒடிசாக்காரர். பழைய இரும்பை உருக்கும் ஆலையில், உலைக்கு உட்பூச்சு போடும் வேலை. பூச்சு என்றால் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்கல் பொடியை, அதாவது சிலிக்காவை, மூட்டை மூட்டையாகக் கொட்டி இடித்து இறுக்குவார்கள். தேய்ந்துபோனால் உடைத்து எடுத்துவிட்டு மறுபடி இடிப்பார்கள்.

"பாதுகாப்புப் பாடம் நடத்தினாங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"ஆச்சு சார், போன்ல."

வேலைக்குச் சேர்ந்த அன்று இருபது நிமிஷம் படம். கடைசியில் பத்துக் கேள்வி. எந்தப் பதிலை அழுத்த வேண்டும் என்று பக்கத்தில் நின்றவரே காட்டிக் கொடுத்தாராம். நூற்றுக்கு நூறு! பையிலிருந்து முகமூடியை எடுத்துக் காட்டினார். சாதாரணத் துணி முகமூடி. முகத்திலோ அடர்ந்த தாடி.

போன் வழிப் பாடமே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் வேலைக்குப் புறப்படும் முன்பே வீட்டுக் கணினியில் பாடம் முடித்துவிட்டு வருகிறார்கள். 2020-இல் கொரோனா வந்தபின் இந்தப் பழக்கம் எங்கும் பரவிவிட்டது. இதில் லாபமும் உண்டு. பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவருக்கு அவர் மொழியிலேயே சொல்லலாம். புரியாததைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். தமிழில் கத்திவிட்டுப் போகிற மேஸ்திரியை விட இது எவ்வளவோ மேல்.

ஆனால் கண்ணும் காதும் மட்டும் படித்தால் போதாத பாடங்கள் சில இருக்கின்றன. சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் நாடி படித்த கதையைக் கேளுங்கள். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம் என்று புத்தகத்தில் ஒரே நாளில் படித்துவிடலாம். ஆசிரியர் எங்கள் விரலைப் பிடித்து நோயாளியின் மணிக்கட்டில் வைத்து, "இன்னும் கொஞ்சம் அழுத்து" என்று சொல்லிச் சொல்லித்தான் அது கைக்கு வந்தது.

முகமூடியும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நுண்தூசிதான் நுரையீரலின் அடிவரை போய் உட்காருகிறது. துணியும் ஈரக் கைக்குட்டையும் அதைத் தடுக்காது. எஃப்.எஃப்.பி.2 அல்லது என்-95 வகை வேண்டும். அதை மாட்டி, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு பலமாக மூச்சை விட வேண்டும். ஓரத்தில் காற்று கசிந்தால் தூசியும் அந்த வழியே உள்ளே வரும். தாடி இருந்தால் முகமூடி முகத்தோடு ஒட்டவே ஒட்டாது. இதையெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று சரிபார்க்க வேண்டாமா?

உலை மேடையிலும் இதே கதைதான். இரண்டு பக்கமும் மூடிய பழைய குழாய்க்குள் துளி மழைத்தண்ணீர் தங்கியிருந்தால் போதும். உருகிய இரும்பில் அது விழுந்த மறுகணம் ஆவியாகி, ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிந்து, தீக்குழம்பை வாரி இறைக்கும். எந்தத் துண்டைச் சந்தேகப்பட வேண்டும் என்பது குப்பைக் குவியலின் முன்னால் நின்று, கையில் எடுத்துப் பார்த்தால்தான் பழகும்.

சட்டமும் இதை விட்டுவிடவில்லை. சுரங்க வேலைக்கு வருபவருக்குப் பயிற்சி கொடுக்க 1966-லேயே தனி விதிகள் வந்தன. கல்குவாரியும் அந்தக் கணக்கில் சுரங்கம்தான். 1984-இல் போபால் விஷவாயு விபத்து நடந்தபின், 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, பயிற்சி பெறுவது தொழிலாளியின் உரிமை என்று எழுதினார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத் தொகுப்பிலும் பயிற்சி தருவது முதலாளியின் கடமையே. படம் காட்டியதோடு கடமை தீர்ந்தது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வைத்தியன் என்ற முறையில் ஒரு கசப்பான உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஆடாதோடைக் கஷாயம் சளியை இளக்கும், இருமலைத் தணிக்கும். சிலிக்கா நுரையீரலில் போட்ட வடுவை எடுக்க எங்களிடமும் மருந்து இல்லை, ஆங்கில வைத்தியத்திலும் இல்லை. வேலையை விட்ட பிறகும் அந்த வடு வளரலாம். காசநோயும் சுலபமாகத் தொற்றிக்கொள்ளும். அதனால் தூசியில் வேலை செய்கிறவர் இருமலுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டே நாளைக் கடத்தக் கூடாது. மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எந்த டாக்டரிடம் போனாலும், "நான் இந்த வேலை செய்கிறேன், இத்தனை வருஷமாக" என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது இப்படி வேலைக்குப் போகிறார்களா? அந்தப் பாடத்தை ஒருநாள் அவரோடு உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். பார்த்து முடித்ததும் முகமூடியை எடுத்துவரச் சொல்லி, மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். தூசி படிந்த சட்டையை வீட்டுக்குள் உதறாமல், தனியாக நனைத்துத் துவையுங்கள். ஆலையில் கேட்க வேண்டியது ஒன்றுதான். "படத்துக்கு அப்புறம் அரை மணி நேரம், வேலை நடக்கிற இடத்திலேயே ஒருத்தர் கூட நின்னு சொல்லித் தரணும்." நாலு பேர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

அந்த ஒடிசாத் தம்பியை எக்ஸ்ரே எடுக்க அரசு மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தேன். படத்தோடு திரும்பி வந்தார். இப்போதைக்கு வடு எதுவும் தெரியவில்லை. ஒரு வருஷம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அடையாளம் தெரியாமல் ஒரு நிமிஷம் விழித்தேன். தாடியை மழித்துவிட்டு வந்திருந்தார்.