56 மாத்திரைகளின் கணக்கு

ஐரோப்பாவின் ஈரமான ஓடைக்கரைகளில் அகன்ற இலை விரித்து வளரும் பட்டர்பர் செடிக்கும், மருந்துக்கடையில் கிடைக்கும் ஒவ்வாமை மருந்தான செட்டிரிசினுக்கும் நடந்த நேரடிப் போட்டியின் முடிவு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் மகரந்த ஒவ்வாமையால் தும்மலும் மூக்கொழுகலும் கொண்ட 125 பேர் சேர்க்கப்பட்டனர். 61 பேருக்கு 8 மில்லிகிராம் பெட்டசின் என்னும் செயல்படு பொருள் அடங்கிய இலைச்சாற்று மாத்திரை, நாளொன்றுக்கு 4. மற்ற 64 பேருக்கு மாலையில் 10 மில்லிகிராம் செட்டிரிசின், ஒன்றே ஒன்று. 14 நாளில் ஒரு தரப்பினர் விழுங்கியது 56 மாத்திரை. மறு தரப்பினர் 14. பலன் ஏறக்குறைய சமம். செட்டிரிசின் தரப்பில் பதிவான 12 பக்கவிளைவுகளில் 8, அதாவது 67 சதவீதம், தூக்கக் கலக்கமும் களைப்பும். மூலிகைக்குக் கிடைத்த உண்மையான வெற்றி இதுதான்.

ஆனால் அந்த ஆய்வில் வெற்று மாத்திரை பெற்ற தரப்பு இல்லை. அக்குறையை 2004இல் 186 பேரிடமும் 2005இல் 330 பேரிடமும் நடந்த ஆய்வுகள் நீக்கின. இரண்டிலும் பட்டர்பர் வெற்று மாத்திரையை வென்றது. 2007இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 10 மூலிகைத் தயாரிப்புகள் பற்றிய 16 சோதனைகளை எடைபோட்டது. அவற்றில் 6, பட்டர்பர் ஒன்றைப் பற்றியவை.

ஒப்பிட, செந்தட்டி போன்ற ஐரோப்பியச் செடி ஒன்றின் 1990ஆம் ஆண்டு ஆய்வைப் பார்க்கலாம். சேர்ந்தவர் 98, முடித்தவர் 69. முடித்தவர்களில் அச்செடியைப் பெற்றோரில் 58 சதவீதத்தினர் பலன் உண்டு என்றனர். இடையில் விலகியவர்களையும் சேர்த்து வகுத்தால் அந்த விகிதம் குறையும்.

மத்திய ஐரோப்பாவில் புல் மகரந்தம் முக்கியமாக மே முதல் ஜூலை வரை பறக்கிறது: 92 நாள். நாளுக்கு 4 வீதம் 368 மாத்திரை. சோதிக்கப்பட்ட 14 நாள், பருவத்தில் 15 சதவீதம் மட்டுமே. ஆள் எண்ணிக்கையும் போதாது. 61 பேரில் ஒருவருக்கும் ஒரு கேடு தென்படவில்லை என்றாலும், அது 100க்கு 5 பேர் வரை நேரக்கூடியது என்பதைப் புள்ளியியல் மறுக்காது.

அந்தக் கேடு எது என்பது முன்பே தெரியும். பட்டர்பரில் கல்லீரலைத் தாக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் உள்ளன. தயாரிப்பின்போது அவற்றை நீக்க வேண்டும். ஜெர்மனி 1992இல் விதித்த உச்சவரம்பு நாளுக்கு 1 மைக்ரோகிராம், அதுவும் ஆண்டுக்கு 6 வாரம் மட்டும். நாளைக்கு உட்கொள்ளும் பெட்டசின் 32,000 மைக்ரோகிராம். சுத்திகரிப்பு எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதை இந்த இரு எண்களே சொல்கின்றன. 2012இல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பட்டர்பர் பொருள்களை விலக்கச் சொன்னபோது காட்டியது 40 கல்லீரல் பாதிப்புகள். அவற்றில் 2 பேருக்குக் கல்லீரல் மாற்று. விழுங்கியோர் மொத்தம் எத்தனை என்ற பகுதி எண் இல்லாததால் 40ஐ விகிதமாக்க முடியாது. இருந்தும், கல்லீரலை இழந்த அந்த இருவரைச் சிறு எண் என்று ஒதுக்க என்னால் இயலவில்லை.

நம் வேலிகளில் படரும் சீந்திலுக்கும் இதே கணக்கு உண்டு. ஒவ்வாமை மூக்கழற்சி கொண்ட 75 பேரிடம் 8 வாரம் நடந்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. சீந்தில் பெற்றவர்களில் 83 சதவீதத்தினருக்குத் தும்மல் முற்றிலும் நின்றது. 2022இல் இந்தியாவின் 13 மருத்துவ மையங்கள் சீந்தில் உட்கொண்டபின் கல்லீரல் பாதிப்புக்கு ஆளான 43 பேரைப் பதிவு செய்தன. இதற்கு முன் மும்பையிலிருந்து வந்த 6 பேர் பற்றிய அறிக்கையை ஆயுஷ் அமைச்சகம் 2021இல் ஏற்க மறுத்திருந்தது. 43 பேரில் அறிகுறி தோன்ற எடுத்த இடைநிலைக் காலம் 46 நாள். 14 நாள் சோதனை அதில் 30 சதவீதத்தைத்தான் எட்டும். ஆகவே அடுத்து நடக்கும் எந்த மூலிகைச் சோதனையும் 92 நாளாவது நீள வேண்டும். 14, 46, 92ஆம் நாள்களில் கல்லீரல் நொதிகளை அளந்து, தும்மல் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.