பேயின் பூர்வகதையைச் சொல்வது யார்?

பாரிஸ் ஓபரா மாளிகைக்கு அடியில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. அஸ்திவாரம் தோண்டியபோது ஊறிய நீரைச் சமாளிக்கக் கட்டிய தொட்டி அது. அதை ஏரியாக்கி, கோர முகம் கொண்ட எரிக்கை அங்கே குடிவைத்தார் காஸ்தோன் லெரூ. 1910இல் நூலாக வந்த அவருடைய ‘ஓபரா பேய்’ நாவலை வைத்து மேடை இசை நாடகங்கள் பல வந்தாலும், பேசப்படுபவை மூன்று. முகமூடியையும் சரவிளக்கையும் ஒப்பிடுவது வழக்கம். நான் பார்ப்பது வேறு: எரிக்கின் பூர்வகதை யார் வாய் வழியாக வருகிறது?

நாவலில் அது தெரிந்தவர் ‘பாரசீகர்’. பெயர் கிடையாது, பாரசீகத்தில் எரிக்கைக் காப்பாற்றிய பழைய போலீஸ் அதிகாரி. கென் ஹில் 1976இல் போட்டு, 1984இல் திருத்திய நாடகம் இவரை வைத்துக்கொண்டது. அந்த 1984 வடிவத்துக்கு ஹில் புது மெட்டு தேடவில்லை. குனோ, வெர்டி, ஆஃபன்பாக் ஆகியோரின் பழைய ஓபரா மெட்டுகளுக்குத் தானே பாட்டு எழுதினார். நம்மூரில் மெட்டுக்குப் பாட்டெழுதும் அதே வேலைதான். ஓபரா மாளிகைக் கதைக்கு ஓபரா மெட்டே உடுப்பு, கேலியும் தாராளம்.

அதைப் பார்த்த ஆண்ட்ரூ லாய்ட் வெபர், அதையே பெரிதாகத் தயாரிக்கலாமா என்று யோசித்து, கடைசியில் தானே இசையமைத்தார். 1986இல் லண்டன், பிறகு பிராட்வேயில் 1988 முதல் 2023 வரை 13,981 காட்சிகள். இதில் பாரசீகர் அவுட். நாவலில் பார்வையாளர் பெட்டியைக் கவனிக்கும் மதாம் ஜிரி இங்கே நடன ஆசிரியை. பொருட்காட்சியில் கூண்டுக்குள் எரிக்கைப் பார்த்ததை அவர்தான் சொல்கிறார். தூர நின்று பார்த்தவர் சொல்வதால் பேய் கடைசிவரை புதிராகவே நிற்கிறது. முடிவில் நாற்காலியில் முகமூடி மட்டும் மிச்சம்.

மூன்றாவது நாடகத்துக்கான வேலையை மோரி யெஸ்டனும் ஆர்தர் கோபிட்டும் வெபருக்கு முன்பே தொடங்கியிருந்தார்கள். வெபரின் அறிவிப்பு வந்ததும் முதலீட்டாளர்கள் கழன்றுகொண்டார்கள். 1991இல்தான் ஹூஸ்டனில் மேடையேற முடிந்தது. பிராட்வே வாய்க்கவே இல்லை. எனக்குப் பிடித்தது இதுதான். இங்கே கதை சொல்பவர் வேலை பறிபோன மேலாளர் கேரியர். சொல்லச் சொல்லத்தான் தெரிகிறது, எரிக் அவர் பெற்ற பிள்ளை. பேய்க்கதை குடும்பக்கதையாகிவிடுகிறது. போலீஸ் சூழ்ந்து நிற்க, காயம்பட்ட மகன் தன்னைக் காட்சிப்பொருளாக்க விடாதே என்று கெஞ்சுகிறான். அப்பாவே சுடுகிறார்.