பின்போல் பொறியின் ஏழு மினுக்கங்கள்

பழுதுற்ற இயந்திரத்தில் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தல் பலரது வழக்கம். அது பொருளும் காலமும் விரயமாகும் வழியாகும். அமெரிக்காவின் பாலி நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் ஆக்கிய, இன்று சில இல்லங்களில் பேணப்படும், பின்போல் விளையாட்டுப் பொறியோ தன் நோயைத் தானே உரைக்க வல்லது.

மின் ஊட்டியதும் அதன் தலைமைச் சுற்றுப்பலகை தன்னைச் சோதிக்கும். சிறிய செவ்விளக்கொன்று கணப்பொழுது துடித்தபின் ஏழு முறை மினுங்கும். முதலாவது நிலை நினைவகம் நன்றென்பதைக் காட்டும். இரண்டாவதும் மூன்றாவதும் மாறு நினைவகங்களை. நான்காவதும் ஐந்தாவதும் உள்ளீட்டு வெளியீட்டுச் சில்லுகளை. ஆறாவது காட்சிக்குரிய நேரச் சுற்றை. ஏழாவது 43 வோல்ற் வழங்கலை. மினுக்கம் எங்கே தடைப்படுகின்றதோ, அதற்கு அடுத்த உறுப்பே ஐயத்துக்குரியது. ஆறுடன் நின்றால் பலகையைக் குறைகூறாது, முதலில் உருகியை நோக்குக.

விளக்கு மினுங்காவிடின் 5 வோல்ற் வழங்கலை அளந்தறிக. அது சரியாயின், பலகையிலுள்ள பற்றரியிலிருந்து கசிந்த காரம் செப்புத் தடங்களை அரித்திருத்தல் கூடும். மின்னிணைப்பை அகற்றிப் பலகையைக் கழற்றி, பழைய பற்றரியை நீக்கி, வினாகிரியாற் காரத்தை நடுநிலையாக்கி, நீரிற் கழுவி, நன்கு உலர்த்துக. புதிய பற்றரியைப் பலகைக்கு அப்பால் அமைத்தலே அறிவுடைமை.

காட்சிப் பகுதிக்கு 190 வோல்ற் வரை செல்வதால், மின்னிணைப்பை நீக்காது கைவைத்தல் உயிராபத்தாகும்.