செஸ் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? பெற்றோர் கவனிக்க வேண்டியவை

புதுதில்லி: தில்லி சர்வதேச ஓபன் செஸ் போட்டியில் 2019-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி, சென்னையைச் சேர்ந்த டி.குகேஷ் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கான தகுதியை நிறைவு செய்தார். அப்போது அவருக்கு வயது 12 ஆண்டுகள், 7 மாதங்கள், 17 நாள்கள். பின்னர் 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை வீழ்த்தி, 18 வயதில் உலக சாம்பியனானார்.

இத்தகைய வெற்றிகளால் பிள்ளைகளை செஸ் பயிற்சியில் சேர்க்கும் ஆர்வம் பெற்றோரிடையே பெருகியுள்ளது. இணையவழி வகுப்புகள் வந்துவிட்டதால், தில்லியில் இருக்கும் சிறுவன் சென்னைப் பயிற்சியாளரிடம் கற்பதும் எளிதாகிவிட்டது. ஆனால், தவறான தேர்வால் வீணாவது கட்டணம் மட்டுமன்று; பிள்ளையின் கற்கும் பருவமும் ஆர்வமும் சேர்ந்தே வீணாகின்றன.

பட்டம் மட்டும் போதுமா?

கிராண்ட்மாஸ்டர் பட்டம் ஒருவரின் ஆட்டத் திறனுக்குச் சான்று. கற்பிக்கும் திறனுக்கு அன்று. இதனால்தான் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே, சீனியர் டிரெய்னர், ஃபிடே டிரெய்னர், ஃபிடே இன்ஸ்ட்ரக்டர் எனப் பயிற்சியாளர்களுக்குத் தனிப் பட்டங்களை வழங்குகிறது.

இரு திறன்களும் ஒருங்கே அமைந்தவர் ஆர்.பி.ரமேஷ். 2002-இல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தையும், 2007-இல் காமன்வெல்த் பட்டத்தையும் வென்ற அவர், 2008-இல் போட்டி ஆட்டத்தை விட்டு விலகி, சென்னையில் 'செஸ் குருகுலம்' அமைப்பைத் தொடங்கினார். பிரக்ஞானந்தா, வைஷாலி ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். 2024 ஜனவரி 9-இல் தில்லி குடியரசுத் தலைவர் மாளிகையில் ரமேஷ் துரோணாச்சாரியார் விருது பெற்றார். அதே விழாவில் மாணவி வைஷாலி அர்ஜுனா விருது பெற்றார்.

இருப்பினும், காய் நகர்த்தக் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு கிராண்ட்மாஸ்டர் தேவையில்லை. குழந்தையைவிடத் தெளிவாக உயர்ந்த நிலையில் ஆடக்கூடியவராகவும், பொறுமையுடன் விளக்கத் தெரிந்தவராகவும் இருந்தால் போதும்.

தோற்ற ஆட்டமே உரைகல்

முதல் வகுப்புக்குச் செல்லும்போது, அண்மையில் தோற்ற மூன்று ஆட்டங்களின் குறிப்புத்தாள்களைக் கொண்டுசெல்வது நல்லது. 'இந்த இடத்தில் என்ன நினைத்தாய்? வேறு எந்த நகர்த்தலைப் பார்த்தாய்?' என்று கேட்பவர், பிழையின் வேரைத் தேடுகிறார். கணினியை இயக்கிச் சரியான நகர்த்தலைக் காட்டுவதோடு நிற்பவர், இலவசச் செயலி செய்யும் வேலையையே செய்கிறார்.

குகேஷின் பயிற்சியாளராக இருந்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, வளரும் ஆண்டுகளில் அவரைக் கணினி இன்ஜின்களிடமிருந்து விலக்கியே வைத்திருந்தார். விடையைப் பார்க்கும் முன் தானே கணக்கிட்டுப் பழக வேண்டும் என்பதே இந்த முறையின் அடிப்படை. தொடக்க நகர்த்தல்களை மனப்பாடம் செய்ய வைப்பதிலேயே பெரும்பகுதி நேரத்தைச் செலவிடும் வகுப்புகள் இதற்கு நேர் எதிரானவை. எதிராளி பாதை மாறியவுடன் அந்த மனப்பாடம் கைகொடுக்காது.

ரேட்டிங் உயர்வில் ஒரு நுட்பம்

'எங்கள் மாணவர்கள் 200 புள்ளிகள் உயர்ந்தார்கள்' என்ற விளம்பரத்தைச் சரிபார்ப்பது எளிது. ஃபிடே இணையதளத்தில் ஒவ்வொரு வீரரின் ரேட்டிங் வரலாற்றையும் மாதவாரியாக யாரும் காணலாம்.

ஆனால், 2024 மார்ச் 1-ஆம் தேதி குறைந்தபட்ச ரேட்டிங்கை 1400-ஆக ஃபிடே உயர்த்தியது. அத்துடன், 2000-க்குக் கீழ் இருந்தவர்களுக்கு, 2000-ஐ எட்டுவதற்கான இடைவெளியில் 40 சதவீதப் புள்ளிகளைச் சேர்த்தது. 1500 புள்ளிகளுடன் இருந்தவர், ஓர் ஆட்டமும் ஆடாமலேயே 1700-ஐ எட்டினார். எனவே, அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒப்பிட்டுக் காட்டும் உயர்வு, பயிற்சியின் பலன் ஆகாது.

மேலும், 18 வயதுக்கு உட்பட்ட, 2300-க்குக் கீழ் ரேட்டிங் உள்ள வீரர்களின் புள்ளிகள் வேகமாக ஏறி இறங்கும். ஆகவே, ஒரு போட்டியின் முடிவை வைத்து முடிவெடுக்காமல், ஓராண்டுப் போக்கைக் காண வேண்டும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

ஒரு குழுவில் எத்தனை மாணவர்கள்? அவர்கள் ஒத்த நிலையில் உள்ளவர்களா? பாடம் நடத்துபவர் விளம்பரத்தில் இருப்பவரா அல்லது உதவியாளரா? போட்டி ஆட்டங்களை அவர் பார்த்துக் கருத்துச் சொல்வாரா? பெற்றோர் வகுப்பை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமா? இடையில் நின்றால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா? இவற்றுக்குத் தெளிவான பதில் பெற்ற பிறகே பணம் செலுத்த வேண்டும். குறிப்பிட்ட காலத்தில் பட்டம் உறுதி என்று வாக்களிப்பவர்களிடம் எச்சரிக்கை தேவை.

தேவை மாறும்போது

ஒரே பயிற்சியாளர் எல்லாக் காலத்துக்கும் பொருந்த வேண்டியதில்லை. உலக சாம்பியன்ஷிப் போட்டிக்குத் தயாரானபோது, போலந்தின் கிராண்ட்மாஸ்டர் கஜெவ்ஸ்கியும், மனநலப் பயிற்சியாளர் பேடி அப்டனும் குகேஷுக்குத் துணை நின்றனர்.

பயிற்சி பலனளிக்கிறதா என்பதை அறிய, செஸ் தெரியாத பெற்றோருக்கும் ஒரு வழி உண்டு. சில மாதங்கள் கழித்து, தோற்று வரும் பிள்ளையிடம் 'என்ன ஆயிற்று?' என்று கேட்க வேண்டும். 'கவனம் சிதறிவிட்டது' என்று மட்டும் சொல்லிவந்த பிள்ளை, எந்த நகர்த்தலில், எதைக் காணத் தவறியதால் தோற்றது என்று தானே விளக்கத் தொடங்கினால், பயிற்சியாளர் தம் வேலையைச் சரியாகச் செய்கிறார் என்று பொருள்.