சீமைக் கற்றாழையை இனங்காணும் வகை

கொழும்பு வீட்டுத் தோட்டங்களில் அழகுக்காக வைக்கப்படும் செடிகளுள் சீமைக் கற்றாழையும் ஒன்று. பச்சையும் வெண்மஞ்சளும் கலந்த இலைகளோடு, பெரியதோர் அன்னாசிச் செடி போலத் தோன்றும். வெள்ளவத்தைக் கடலோரம் போன்ற மணற்பாங்கான இடத்திலும் உப்புக் காற்றைத் தாங்கி வளரும்.

பெயரில் கற்றாழை என்றிருத்தலால், தீப்புண்ணுக்கும் தலைமுழுக்குக்கும் உதவும் சோற்றுக் கற்றாழையாக இதனைக் கருதி இலையை அறுப்பாருமுளர். இது பெருந்தவறு. இதன் சாறு தோலிற் பட்டால் அரிப்பும் எரிவும் உண்டாகலாம். கண்ணிற் படுதல் மிகவும் தீது.

இதன் தாயகம் கரிபியன் தீவுகளும் தென் அமெரிக்காவின் வடபகுதியுமாகும். 1753ஆம் ஆண்டில் இலினேயசு இதனை அகேவ் சாதியில் அடக்கி, 'நாற்றமுடையது' எனப் பொருள்படும் சிறப்புப் பெயரை இட்டார். இலையைக் கசக்கி முகர்ந்தவர்க்கு அப்பெயரின் காரணம் விளங்கும். பின்னர் இது பூர்க்கிரேயா என்னும் சாதிக்கு மாற்றப்பட்டது. இச்சாதிக்குப் பெயர் தந்தவர் பூர்குருவா என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர். இன்றைய தாவரவியலார் இதனைச் சாத்தாவாரியின் குடும்பத்துள் வைப்பர். சோற்றுக் கற்றாழை வேறு குடும்பத்தது.

இலையைக் கொண்டே இரண்டையும் பிரித்தறியலாம். சோற்றுக் கற்றாழையின் இலை தடித்தது. விளிம்பு நெடுகச் சிறு முட்கள் உண்டு. முறித்தால் மஞ்சட் சாறு கசியும், உள்ளே தெளிந்த சோறு இருக்கும். சீமைக் கற்றாழையின் இலையோ நான்கு முதல் ஏழு அடி வரை நீண்டு, அரையடி அகலம் வரை விரியும். முட்கள் அடிப்பாகத்தில் மாத்திரம் இருக்கும், அல்லது இல்லாமலே போகும். முறிக்க முயன்றால் எளிதில் அறாது, நார்கள் இழுபடும். வறட்சியைத் தாங்கும் இவ்வகைச் செடிகள் பகலில் இலைவாய்களை மூடி, இரவிலே திறந்து காற்றை உட்கொள்ளும்.

அகேவிலிருந்து இதனை வேறாக்குவது பூவே. அகேவின் பூக்கள் நிமிர்ந்து நிற்க, கேசரங்கள் வெளியே நீண்டிருக்கும். சீமைக் கற்றாழையின் வெண்பச்சை நிறப் பூக்கள் கவிழ்ந்து தொங்கும். கேசரங்கள் உள்ளடங்கி, அவற்றின் இழைகள் அடியிற் பருத்திருக்கும். பூந்தண்டு இருபது அடிக்கு மேலும் உயரலாம். பல ஆண்டு வளர்ந்து ஒருமுறை பூத்தபின் செடி மடியும்.

ஆயினும் அதனோடு தொல்லை தீருவதில்லை. விதை அரிதாகவே உண்டாகும். அதற்கு ஈடாகப் பூந்தண்டில் எண்ணற்ற சிறுகுமிழங்கள் தோன்றும். அவை தண்டிலிருக்கும்போதே சிறு இலைகள் விட்டு, விழுந்த இடத்தில் வேரூன்றும். ஹவாய், றியூனியன் முதலிய தீவுகளில் இது தோட்டங்களைக் கடந்து பரவி, அங்குள்ள செடிகளை நெருக்கியுள்ளது.

நாரின் பொருட்டு இதனை மிகுதியாகப் பயிரிட்ட நாடு மொரீசியசு. 'மொரீசியசுச் சணல்' என்னும் பெயர் அதனால் வந்தது. நம் நாட்டில் தும்பறைப் பாய் நெய்வோர் கையாளும் 'ஹண' நார், இதற்கு உறவான அகேவிலிருந்து எடுக்கப்படுவது. அக்கைத்தொழில் 2021இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

வீட்டில் இச்செடி வைத்திருப்போர், பூந்தண்டு எழுந்து குமிழங்கள் முற்றுமுன் கையுறை அணிந்து அதனை வெட்டுதல் வேண்டும். வெட்டியதைக் கால்வாய்க் கரையிலோ வெறுங்காணியிலோ எறியலாகாது. குமிழங்களைச் சாக்கிலிட்டுக் கட்டி, முற்றாக உலர்ந்து மடியும்வரை வெயிலில் வைத்தல் நன்று.