பூத் ஏஜென்ட் வெறுங்கையோடு திரும்பக் கூடாது

ஒரு சட்டமன்றத் தொகுதியில் ஏறத்தாழ 300 வாக்குச்சாவடிகள். வேட்பாளர் ஒருவரால் அத்தனை இடத்திலும் இருக்க முடியாது. அதனால்தான் சட்டம் அவருக்கு வாக்குச்சாவடி முகவர்களைத் தருகிறது. பெரிய கட்சிகள் இதற்கென ஆட்களைப் பழக்கி வைத்திருக்கின்றன. கடைசி நேரத்தில் ஆள் தேடி அல்லாடுவது சுயேச்சைகளும் சிறிய கட்சிகளும்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின்படி, ஒரு வாக்குச்சாவடிக்கு ஒரு முகவரையும் இரண்டு மாற்று முகவர்களையும் நியமிக்கலாம். மூவரில் ஒருவர்தான் ஒரு நேரத்தில் உள்ளே இருக்கலாம். நியமனம் படிவம் 10-இல். வேட்பாளரோ அவருடைய தலைமை முகவரோ கையெழுத்திட வேண்டும். வட்டச் செயலாளர் போட்டுக் கொடுத்தால் செல்லாது. இருவரின் மாதிரிக் கையெழுத்தும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் இருக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பார். முகவர் தன் உறுதிமொழியில் அவர் கண்முன்னேதான் கையெழுத்திட வேண்டும். வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

முகவர் அந்த வாக்குச்சாவடியின் வாக்காளராக இருப்பது நல்லது. ஆள் கிடைக்காவிட்டால் அதே தொகுதியின் வேறொரு வாக்காளரை அனுப்பலாம். உறவுக்காரர்தானே என்று அரசு ஊழியரை மட்டும் உட்கார வைக்காதீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 134ஏ பிரிவின்கீழ் அவருக்கு 3 மாதம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி வாக்குப்பதிவு தொடங்கிவிடும். குறைந்தது 50 வாக்குகள் போட்டுப் பார்ப்பார்கள். பிறகு அவை இயந்திரத்திலிருந்து அழிக்கப்பட்டு, எண்ணிக்கை பூஜ்யமாகிவிட்டதைப் பார்க்கும் உரிமை முகவருடையது. தாமதமாக வந்தால் அந்த உரிமை போச்சு; முகவர் இல்லாததால் மட்டும் எந்த நடவடிக்கையும் செல்லாததாகிவிடாது என்று சட்டமே சொல்கிறது. ஒருவர் பெயரில் வேறொருவர் வந்தால், 2 ரூபாய் கட்டி அங்கேயே ஆட்சேபிக்கலாம். ஆனால் யார் வாக்களித்தார், யார் வரவில்லை என்று வெளியே துண்டுச்சீட்டு அனுப்பினால் அது வாக்கின் இரகசியத்தைக் குலைக்கும் குற்றம்.

என் பார்வையில் முகவரின் தலையாய வேலை மாலையில்தான் இருக்கிறது. பதிவான மொத்த வாக்குகளைக் காட்டும் படிவம் 17சி-யின் சான்றிட்ட நகலை ஒவ்வொரு முகவருக்கும் கொடுப்பது தலைமை அலுவலரின் கடமை. பொதுமக்களுக்கு அதை வெளியிடச் சட்டத்தில் இடமில்லை என்று தேர்தல் ஆணையம் 2024-இல் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டது. ஆக, அரசின் கைக்கு வெளியே அந்தக் கணக்கு இருப்பது முகவர்களிடம் மட்டும்தான். பசி, களைப்பு, கடைசி பஸ் என்று எதற்காகவும் அதை வாங்காமல் கிளம்பாதீர்கள்.

வாக்கு எண்ணிக்கைக்கு வேறு நியமனம் வேண்டும். அது படிவம் 18. எண்ணிக்கைக்கு 3 நாள் முன்பு மாலை 5 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுத்துவிட வேண்டும். எண்ணிக்கை மேசையில் இயந்திரம் காட்டும் மொத்தமும் 17சி-யும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

முகவரை உள்ளே விடவில்லை, நகல் தரவில்லை என்றால் வாய்ச் சண்டை வேண்டாம். மண்டல அலுவலரிடமோ தேர்தல் பார்வையாளரிடமோ அப்போதே எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முடிவு அறிவித்த 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடுக்க நேர்ந்தால், அந்த ஒப்புகையும் 17சி நகலும்தான் உங்கள் பக்கம் பேசும்.