புதிர் போடலாம் வாங்க!

மலருக்கு ஏதாவது எழுதுடா என்றார்கள். கவிதை நமக்கு வராது. அதனால் இரண்டு புதிர்.

முதலாவது தெரிந்ததுதான். புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒருவன் அக்கரை சேர்க்க வேண்டும். படகில் அவனோடு ஒன்றுதான் ஏறும். அவன் இல்லாவிட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். ஐரோப்பாவில் இதுவே ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ். கி.பி. 804-இல் மறைந்த அல்குயின் தொகுத்ததாகச் சொல்லப்படும் லத்தீன் நூலிலேயே இது உண்டு.

விடை: முதலில் ஆடு. அடுத்து புலி, திரும்பும்போது ஆட்டையும் கூட்டி வரணும். ஆட்டை இக்கரையில் இறக்கிவிட்டுப் புல்லுக்கட்டு. கடைசியில் மறுபடி ஆடு. ஆக 7 தடவை ஆற்றைக் கடக்கணும். விதிகளைப் பொறுமையாகச் சரிபார்த்தால் விடை வந்துவிடும். இது தர்க்கப் புதிர்.

இரண்டாவது வேறு ரகம். பூட்டிய அறைக்குள் ஒரு குண்டு பல்பு. வெளியே 3 சுவிட்ச். எது பல்புக்கானது? எத்தனை தடவையும் போட்டு அணைக்கலாம். ஆனால் உள்ளே ஒரே தடவைதான் போகலாம்.

நான் நோட்டில் அட்டவணை போட்டேன். பல்புக்கு எரிவது, எரியாதது என இரண்டு நிலைதான். அதை வைத்து மூன்று சுவிட்சை எப்படிப் பிரிப்பது? 'முடியாது' என்று மூடிவிட்டேன்.

வீட்டில் அம்மாவிடம் சும்மா சொன்னேன். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை, இஸ்திரி போடுகிறவர். கரிப்பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அணைச்சாலும் சூடு இருக்கும்ல? தொட்டுப் பாரு."

அவ்வளவுதான்! முதல் சுவிட்சைப் பத்து நிமிடம் போட்டு அணை. இரண்டாவதைப் போட்டுவிட்டு உள்ளே போ. எரிந்தால் இரண்டாவது. எரியாமல் சுட்டால் முதலாவது. எரியாமல் குளிர்ந்திருந்தால் மூன்றாவது. குண்டு பல்பில் மின்சாரத்தின் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது என்று நாம் படித்ததுதானே? பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் கண்ணை மட்டும் நம்பினேன், கையை மறந்தேன். (எல்.இ.டி. பல்பில் இதை நம்பாதீர்கள், அதன் முகப்பு அவ்வளவு சுடாது!)

இப்படிக் கேள்வியை வேறு பக்கமாக அணுகுவதற்கு 1967-இல் எட்வர்டு டி போனோ வைத்த பெயர் லேட்டரல் திங்கிங், பக்கவாட்டுச் சிந்தனை. அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது.

சேர்க்கை விண்ணப்பத்தில் 'பெற்றோர் தொழில்' என்ற இடத்தில் 'சுயதொழில்' என்று எழுதியவன் நான். இன்று கேட்டால் 'இஸ்திரி' என்றே எழுதுவேன்.

லீவுக்குப் போனால் உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்க. என்ன விடை வந்தது என்று எனக்கும் சொல்லுங்க!

– மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை